கேமராவுக்கு வெளி மானிட்டர்: குறைந்த செலவில் எதைப் பார்த்து வாங்குவது?

கேமராவின் பின்திரையில் துல்லியமாகத் தெரிந்த காட்சி, கணினியில் போட்டுப் பார்க்கும்போது ஃபோகஸ் சற்றே நழுவியிருப்பதாகவோ, முகத்தின் ஒரு பக்கம் வெளுத்துப்போயிருப்பதாகவோ தெரிவது, வீடியோ எடுக்கத் தொடங்கியவர்கள் பலருக்கும் பழக்கமான ஏமாற்றம். எடுப்பவரின் கவனக்குறைவு மட்டும் இதற்குக் காரணம் அன்று. அந்தத் திரையின் கணக்கே அப்படி. பல கேமராக்களின் விவரக்குறிப்பில் 3 அங்குலத் திரைக்குச் சுமார் 10.4 லட்சம் புள்ளிகள் என்று எழுதியிருப்பார்கள். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றையும் தனித்தனிப் புள்ளிகளாக எண்ணும் கணக்கு அது. மூன்றால் வகுத்தால் கிடைப்பது 720×480, அதாவது ஏறத்தாழ 3.45 லட்சம் பிக்சல்கள். 4கே வீடியோவின் ஒரு ஃபிரேமில் இருப்பவையோ சுமார் 82.9 லட்சம் பிக்சல்கள். ஆக, பதிவாகும் படத்தின் 24 பிக்சல்களையாவது திரையின் ஒரே பிக்சலில் அடக்கிக் காட்ட வேண்டியிருக்கிறது. கண் இமையில் நிற்க வேண்டிய ஃபோகஸ் காதுமடலுக்குப் போய்விட்டதை அந்தத் திரையில் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம்.

இந்தக் குறையை நிரப்புவதற்காகக் கேமராவின் எச்டிஎம்ஐ துளையிலிருந்து கேபிள் வழியாகப் படத்தை வாங்கிப் பெரிதாகக் காட்டும் தனித் திரையைத்தான் ஃபீல்ட் மானிட்டர் என்கிறோம். மானிட்டர் படத்தைக் காட்டும், பதிவு செய்யாது. காட்டுவதோடு எஸ்எஸ்டி போன்றவற்றில் பதிவும் செய்கிற கருவிகள் ரெக்கார்டர் மானிட்டர் என்ற வேறு வகை. அட்டோமோஸ் நிறுவனத்தின் வரிசையில் ஷினோபி முதல் வகை, நிஞ்சா இரண்டாம் வகை. இன்றைய கேமராக்கள் பலவும் உள்ளேயே 10 பிட் தரத்தில் (நிறங்களை நுணுக்கமாகப் பிரித்துப் பதியும் தரம்) பதிவு செய்துவிடுவதால், தொடக்கநிலையில் இருப்பவர் ரெக்கார்டருக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

குறைந்த விலை மானிட்டர்களைப் பற்றி ஒரு செய்தியை முதலிலேயே மனத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது. அவற்றின் திரையில் தெரியும் நிறத்தை நம்பி முடிவெடுக்கக் கூடாது. அவற்றில் உள்ள அளவிடும் கருவிகளை நம்பி முடிவெடுக்கலாம். ஒரே மாடலின் இரண்டு மானிட்டர்களை அருகருகே வைத்தால்கூட, ஒன்று சற்று நீலமாகவும் மற்றொன்று சற்று மஞ்சளாகவும் தெரிவது வழக்கம். அதைச் சரிசெய்யத் திரையின் நிறத்தை அளக்கும் தனிக் கருவி வேண்டும். அந்தக் கருவியின் விலைக்கு இன்னொரு சிறிய மானிட்டரே வாங்கிவிடலாம். ஆகவே, விளம்பரத்தில் நிறத்தைப் பற்றி அடுக்கப்படும் சொற்களைக் கடந்து, வெயிலில் படம் தெரிகிறதா, ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் (படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவு) அளந்து சொல்லும் வசதிகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்னும் இரண்டுக்கே பணத்தின் பெரும்பகுதி போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

4கே என்ற சொல்லும் திரையின் அளவும்

பெட்டியின் மேல் பெரிதாக 4கே என்று அச்சிட்டிருக்கும் 5 அங்குல மானிட்டரின் திரை 4கே திரை அன்று. 4கே சிக்னலைக் கேமரா அனுப்பினால் அதை ஏற்று, சுருக்கி, தன் திரைக்கு ஏற்ற அளவில் காட்டும் என்பதே அதன் பொருள். எனவே திரையின் சொந்தப் பிக்சல் எண்ணிக்கை என்ன என்பதைத் தனியாகத் தேடிப் படிக்க வேண்டும். மிகமலிவான மானிட்டர்களில் 800×480 பிக்சல் திரைகள் இன்னும் வருகின்றன. அவை கேமராவின் பின்திரையைப் பெரிதாக்கிக் காட்டுவதற்கு மேல் அதிகம் உதவுவதில்லை. 5 அங்குலத்தில் 1920×1080, 7 அங்குலத்தில் 1920×1200 என்பவை இப்போது நடுத்தர விலைக்கே கிடைக்கின்றன. 1920×1080 திரையில் 4கே படத்தின் 4 பிக்சலுக்கு ஒன்று என்ற விகிதம் வந்துவிடுகிறது. பின்திரையின் 24-க்கு ஒன்று என்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய முன்னேற்றம் என்பது விளங்கும்.

சிக்னல் பற்றி இன்னொரு நுணுக்கமும் உண்டு. மலிவான மானிட்டர்களில் பல 4கே சிக்னலை விநாடிக்கு 30 ஃபிரேம் வரையில்தான் ஏற்கும். கேமராவில் 4கே 60 வைத்தால் திரை கறுத்துவிடும். இதற்காக விலை கூடிய மானிட்டரைத் தேட வேண்டியதில்லை. பெரும்பாலான கேமராக்களின் மெனுவில் எச்டிஎம்ஐ வெளியீட்டை மட்டும் 1080 என்று மாற்றிக்கொள்ளலாம். கார்டில் பதிவாவது 4கே ஆகவே இருக்கும்.

5 அங்குலமா, 7 அங்குலமா என்ற கேள்விக்குப் பதில் கேமரா எங்கே இருக்கப்போகிறது என்பதைப் பொறுத்தது. கையிலும், ஆட்டத்தைச் சமன்செய்யும் பிடியான கிம்பலிலும் வைத்து எடுப்பவருக்கு 5 அல்லது 5.5 அங்குலமே சரி. அதற்கு மேல் போனால் எடையும் கூடும், கிம்பலைச் சமநிலைப்படுத்துவதும் தொல்லையாகும். முக்காலியில் வைத்து நேர்காணல் எடுப்பவர், அல்லது இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் சேர்ந்து பார்க்கும் குறும்படக் குழு, 7 அங்குலத்தை எடுக்கலாம். இரண்டுக்கும் ஒரே மானிட்டர் வேண்டும் என்பவர்கள் 5.5 அங்குலத்தில் நின்றுகொள்வது நல்லது. பெரிது வசதியாக இல்லாவிட்டால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகும் பழக்கம் வந்துவிடும்.

வெயிலில் படம் தெரிவதற்கான கணக்கு

திரையின் வெளிச்சத்தை நிட் என்ற அலகால் அளக்கிறார்கள். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கேண்டெலா என்பதே ஒரு நிட். சாதாரண மடிக்கணினித் திரைகள் 250 முதல் 300 நிட் வரை இருக்கும். குறைந்த விலை மானிட்டர்கள் பெரும்பாலும் 400, 500 நிட்டில் நிற்கின்றன. 1000 நிட்டைத் தாண்டியவற்றில் விலை சட்டென்று ஏறும். 2000-க்கு மேற்பட்டவையும் இப்போது ஃபீல்வேர்ல்டு போன்ற சீன நிறுவனங்களிடமிருந்து முன்பைவிடக் குறைந்த விலைக்கு வருகின்றன.

வெயிலில் திரை தெரியாமல் போவதற்குத் திரை மங்கலாக இருப்பது மட்டும் காரணமன்று. வெளிச்சம் திரையின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பி, படத்தின் கறுப்புப் பகுதிகளைச் சாம்பலாக்கிவிடுவதே முதன்மைக் காரணம். இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். நண்பகல் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ் (ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு). திரையின் மேற்பரப்பு அதில் 1 விழுக்காட்டை மட்டும் எல்லாப் பக்கமும் சிதறடிப்பதாக வைத்துக்கொண்டால்கூட, திரை முழுவதும் ஏறத்தாழ 320 நிட் அளவுக்கு ஒரு வெள்ளைப் படலம் பரவிவிடும். 400 நிட் மானிட்டரில் படத்தின் வெண்மை இப்போது 720, கறுமை 320. இரண்டுக்கும் இடையே இரண்டேகால் மடங்கு வேறுபாடுதான். முகமும் பின்னணியும் ஒன்றோடொன்று கலந்துவிடும். 2000 நிட் மானிட்டரில் இதே வேறுபாடு 7 மடங்கைத் தாண்டுகிறது. நன்றாகவே தெரியும்.

இனி, அதே 400 நிட் மானிட்டருக்குக் கறுப்புத் துணியாலான ஒரு மறைப்பை மாட்டி, திரையில் விழும் வெயிலைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் என்ன ஆகும்? படலம் 32 நிட்டாகச் சுருங்கும். வெண்மை 432, கறுமை 32. வேறுபாடு 13 மடங்குக்கு மேல். சில நூறு ரூபாய் மதிப்புள்ள மறைப்பு, பல ஆயிரம் ரூபாய் கூடுதல் விலையுள்ள திரையை இந்தக் கணக்கில் முந்திவிடுகிறது. சில மானிட்டர்களுடன் மறைப்பும் சேர்ந்தே வருகிறது. வராவிட்டால் அளவு பார்த்துத் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

மறைப்புக்கும் எல்லை உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். சூரியன் எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருந்தால் வெயில் நேராக மறைப்புக்குள்ளேயே விழும். பக்கத்தில் நிற்கும் இயக்குநருக்கு எதுவும் தெரியாது. கிம்பலை உயர்த்தியும் தாழ்த்தியும் எடுக்கும்போது மறைப்புக்குள் கண்ணை வைத்துக்கொண்டிருக்க முடியாது. எனவே வெளிப்புறத்தில், அதுவும் ஓடியாடி எடுப்பதே தொழிலாக உள்ளவர் 1000 நிட்டுக்குக் குறையாமல் வாங்குவது நியாயமான செலவு. அறைக்குள்ளும் மண்டபத்துக்குள்ளும் எடுப்பவர், எப்போதாவது வெளியே போவார் என்றால், 500 நிட் திரையும் ஒரு மறைப்பும் போதும்.

வெளிச்சம் கூடினால் சூடும் கூடும். சில உயர்வெளிச்ச மானிட்டர்களில் அதற்காகச் சிறிய மின்விசிறி இருக்கும். அதன் இரைச்சல், ஒரு சாண் தொலைவில் கேமராவின் மேல் இருக்கும் மைக்கில் பதிவாகும். ஒலியைக் கேமராவிலேயே எடுப்பவர்கள் விசிறி இல்லாததையோ, விசிறியை நிறுத்தும் வசதி உள்ளதையோ தேட வேண்டும்.

அளந்து சொல்லும் வசதிகள்

ஃபோகஸுக்கு இரண்டு வசதிகள் முக்கியம். பீக்கிங் என்பது கூர்மையாக இருக்கும் விளிம்புகளின் மேல் சிவப்பு அல்லது பச்சைக் கோடு போட்டுக் காட்டுவது. மலிவான மானிட்டர்களில் இதன் நுணுக்கத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் பட்டுப்புடவையின் ஜரிகைக்கரை முழுக்கச் சிவப்பாகி, முகத்தில் ஃபோகஸ் இருக்கிறதா என்பதே தெரியாமல் போகும். அடுத்தது, படத்தின் ஒரு பகுதியைப் பிக்சலுக்குப் பிக்சல் பெரிதாக்கிக் காட்டுவது. பதிவு நடந்துகொண்டிருக்கும்போது பின்திரையில் பெரிதாக்கிப் பார்க்க எல்லாக் கேமராக்களும் விடுவதில்லை. மானிட்டரில் எப்போது வேண்டுமானாலும் முடியும். இந்த ஒரு வசதிக்காகவே மானிட்டர் வாங்கலாம் என்பேன்.

எக்ஸ்போஷருக்கு ஸீப்ரா, ஹிஸ்டோகிராம், வேவ்ஃபார்ம், ஃபால்ஸ் கலர் என்று நான்கு வசதிகள் வரும். மிகவும் வெளுத்த இடங்களில் வரிகள் போட்டுக் காட்டும் ஸீப்ரா, வெளிச்ச அளவுகளின் பரவலை வரைபடமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் இரண்டும் கேமராவிலேயே பெரும்பாலும் உண்டு. மற்ற இரண்டும் நடுத்தர விலைக் கேமராக்களில் அரிது. ஆகையால் வாங்கும் மானிட்டரில் இவை இருந்தே ஆக வேண்டும். வேவ்ஃபார்ம், படத்தின் இடமிருந்து வலமாக ஒவ்வோர் இடத்திலும் வெளிச்சம் 0-க்கும் 100-க்கும் இடையே எங்கே இருக்கிறது என்பதை வரைபடமாகக் காட்டும். ஃபால்ஸ் கலர், அதே அளவைப் படத்தின் மேலேயே வண்ணங்களாகப் பூசிக் காட்டும். பின்திரையைப் பார்த்து வெளிச்சம் சரி என்று முடிவு செய்வதற்கும் இவற்றைப் பார்த்து முடிவு செய்வதற்கும் உள்ள வேறுபாடு, நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதற்கும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடுதான். திரை மங்கலாக இருந்தாலும், நிறம் தவறாக இருந்தாலும், அளவு மாறாது.

ஃபால்ஸ் கலரின் வண்ணங்களுக்கு ஒரே பொருள் இல்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பரவலாக அறியப்பட்டது ஆரி நிறுவனக் கேமராக்களின் வரிசை: அதில் 38 முதல் 42 விழுக்காடு வரை பச்சை, 52 முதல் 56 வரை இளஞ்சிவப்பு, 99-க்கு மேல் சிவப்பு. பச்சை என்பது 18 விழுக்காடு ஒளியைத் திருப்பும் நடுச்சாம்பல். இளஞ்சிவப்பு அதைவிட ஒரு ஸ்டாப் கூடுதல், அதாவது இரு மடங்கு வெளிச்சம். வெளிறிய ஐரோப்பியத் தோல் நிறத்தை மனத்தில் கொண்டு வைக்கப்பட்டது. முகத்தை இளஞ்சிவப்பில் நிறுத்து என்று இணையக் காணொளிகளில் சொல்லித்தருவதை அப்படியே எடுத்துக்கொண்டு, மாநிறமும் கறுப்புமான முகங்களை அந்த அளவுக்கு ஏற்றினால், தோலின் ஆழமும் மினுமினுப்பும் போய் முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகிவிடும். பின்னால் நிற்கும் வெள்ளை வேட்டி முழுதாக வெளுத்துவிடும். நம் முகங்கள் அவற்றுக்குரிய நிறத்தில் பதிவாக வேண்டும் என்பதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு. அதற்கான வழியும் எளிது. முகம் இருக்கும் இடத்தில் ஒரு சாம்பல் அட்டையைப் பிடித்து, அது பச்சைக்கு வரும்வரை எக்ஸ்போஷரைச் சரிசெய்துவிட்டு, அட்டையை எடுத்துவிட வேண்டும். முகம் பச்சைக்கு மேலே விழுந்தாலும் கீழே விழுந்தாலும் அதுவே அந்த முகத்தின் இயல்பான இடம்.

பின்னால் நிறத்தைச் சரிசெய்ய வசதியாகப் படத்தைத் தட்டையாகப் பதியும் லாக் முறையில் எடுக்கும்போது இந்த எண்கள் மாறும். சோனியின் எஸ்-லாக்3 முறையில் நடுச்சாம்பல் 41 விழுக்காட்டிலும், வெள்ளைத் தாள் 61 விழுக்காட்டிலும் அமரும். வெள்ளைத் தாளை 90-க்கு ஏற்ற முயன்றால் படம் தேவைக்கு மேல் வெளுக்கும். லாக் படம் திரையில் சாயம்போன துணிபோல் தெரிவதால், அதைக் கண்ணுக்கு ஏற்றதாக மாற்றிக்காட்ட லட் கோப்புகளை மானிட்டரில் ஏற்றுகிறார்கள். கேமரா நிறுவனங்களே இவற்றைத் தங்கள் தளங்களில் இலவசமாகத் தருகின்றன. நினைவட்டை வழியாகவோ யுஎஸ்பி வழியாகவோ ஏற்றிக்கொள்ளலாம். மானிட்டரில் போடும் லட் பதிவாகும் படத்தைத் தொடாது. ஆனால் சில மானிட்டர்களில் லட் போட்ட பிறகுள்ள படத்தையே ஃபால்ஸ் கலர் அளக்கிறது. அப்போது மேலே சொன்ன எண்கள் பொருந்தா. சந்தேகம் இருந்தால் லட்டை அணைத்துவிட்டு அளவெடுப்பதே பாதுகாப்பு.

கேபிள், பேட்டரி, பிடிமானம்

மானிட்டர் வாங்கும் முன் உங்கள் கேமராவில் இருக்கும் எச்டிஎம்ஐ துளை எந்த வகை என்பதைப் பார்த்துவிட வேண்டும். சோனி ஏ7எஸ் 3-இல் தொலைக்காட்சியில் உள்ளதுபோன்ற முழு அளவுத் துளை உண்டு. கேனான் 200டி, நிக்கான் இசட்6 ஆகியவற்றில் மினி. சோனி இசட்வி-ஈ10, ஏ7 3 ஆகியவற்றில் மைக்ரோ. மைக்ரோ துளை மிகவும் மென்மையானது. கேபிள் எதிலாவது மாட்டி இழுபட்டால் துளை தளர்ந்துவிடும். பழுதுபார்ப்பதற்குக் கேமராவையே பிரிக்க வேண்டியிருக்கும். ஆகவே நீளமான, தடித்த கேபிளைத் தவிர்த்து, மெல்லிய சுருள் கேபிளை வாங்கி, கேமராவின் உடலோடு கவ்வியால் இறுக்கிவிடுவது நல்லது. கேபிள் இரண்டாக வாங்குங்கள். படப்பிடிப்பின் நடுவில் திரை கறுத்தால் பெரும்பாலும் கேபிளில்தான் கோளாறு.

கேமரா தன் மெனு எழுத்துகளையும் சதுரங்களையும் சேர்த்தே மானிட்டருக்கு அனுப்புகிறதா என்பதும் முக்கியம். பல கேமராக்களில் எச்டிஎம்ஐ தகவல் காட்சியை நிறுத்திவைக்க மெனுவில் வழி உண்டு. பழைய, தொடக்கநிலை மாடல்கள் சிலவற்றில் இல்லை. இல்லாவிட்டால் வேவ்ஃபார்ம் அந்த எழுத்துகளையும் சேர்த்து அளந்துகொண்டிருக்கும்.

பேட்டரியில் சோனியின் என்பி-எஃப் வகையே இன்று மானிட்டர்களுக்கான பொதுவழக்கு. விளக்குகளிலும் அதே பேட்டரி பொருந்துவதால் அதைச் சேர்த்துவைப்பது வீண்போகாது. எஃப்970 அளவுள்ள ஒன்று 7.2 வோல்ட், 6600 மில்லியாம்பியர் மணி என்றால் ஏறக்குறைய 47 வாட்மணி. 10 வாட் இழுக்கும் மானிட்டர் அதில் நாலரை மணிநேரம் ஓடும். 20 வாட் இழுக்கும் உயர்வெளிச்ச மானிட்டர் இரண்டேகால் மணிநேரத்தில் தீர்த்துவிடும். டைப்-சி வழியாகப் பவர்பேங்கிலிருந்தும் மின்சாரம் எடுக்கும் மானிட்டராக இருந்தால் கூடுதல் வசதி. கேமராவுக்கே மின்சாரம் தரும் 8 வோல்ட் வெளியீடு சில மானிட்டர்களில் உண்டு. நீண்டநேரம் நிறுத்தாமல் எடுப்பவர்களுக்கு அது பெரிதும் உதவும்.

கேமராவின் மேலுள்ள ஷூ எனும் பொருத்திடத்தில் மாட்டும் பிடி மலிவு என்று பிளாஸ்டிக்கில் வாங்குவது தவறான சிக்கனம். மானிட்டர், பேட்டரி, மறைப்பு மூன்றும் சேர்ந்தால் அரைக்கிலோவைத் தாண்டிவிடலாம். அந்த எடை ஓர் ஒற்றைத் திருகில் தொங்குகிறது. சாய்க்கும்போது தானாகத் தளராத, உராய்வைக் கூட்டிக்குறைக்கக்கூடிய உலோகப் பிடியாகப் பாருங்கள்.

கையில் வந்தவுடன்

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் மானிட்டரைச் சோதித்துவிட வேண்டும். லென்ஸ் மூடியைப் போட்டுக் கறுப்புத் திரையில் ஒளிரும் புள்ளிகள் உள்ளனவா, வெள்ளைச் சுவரைக் காட்டி அதில் செத்த புள்ளிகள் உள்ளனவா என்று பாருங்கள். நிழல்பகுதிகள் முழுக்கக் கறுத்தோ, அல்லது படம் முழுவதும் வெளிறியோ தெரிந்தால், திரையைக் குறைசொல்வதற்கு முன் கேமராவிலும் மானிட்டரிலும் எச்டிஎம்ஐ வீச்சு (கறுப்பு முதல் வெள்ளை வரையான எண்களின் எல்லை) ஒன்றாக இருக்கிறதா என்று சரிபாருங்கள். 0–255 என்று கேமரா அனுப்ப, 16–235 என்று மானிட்டர் படித்தால் நிழல்கள் கறுக்கும்; இது தலைகீழாக நடந்தால் படம் வெளிறும். ஒரு மணிநேரம் முழு வெளிச்சத்தில் ஓடவிட்டு, சூட்டையும் இரைச்சலையும் கவனியுங்கள்.

கடைசியாகத் தாமதம். கேமராவில் நடப்பது மானிட்டரில் எவ்வளவு நேரம் கழித்துத் தெரிகிறது என்பதை எந்தப் பெட்டியிலும் தெளிவாக எழுதுவதில்லை, நாமே அளக்கலாம். ஒரு கைப்பேசியில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, அதைக் கேமராவால் காட்டுங்கள். அந்தக் கைப்பேசியும் மானிட்டரும் ஒரே சட்டகத்தில் வரும்படி இன்னொரு கைப்பேசியில் ஸ்லோமோஷனில் எடுங்கள். எடுத்ததை ஓரிடத்தில் நிறுத்தி, இரண்டு கடிகார எண்களையும் கழித்தால் மொத்தத் தாமதம் கிடைக்கும். இதே சோதனையைக் கேமராவின் பின்திரையோடும் செய்தால், கேமராவின் பங்கு எவ்வளவு, மானிட்டரின் பங்கு எவ்வளவு என்பது பிரிந்துவிடும். மானிட்டரின் பங்கு மட்டுமே பத்தில் ஒரு விநாடியை நெருங்கினால், நடந்துவரும் மணமக்களைப் பின்பற்றிக் கையால் ஃபோகஸ் பிடிப்பவருக்கு அந்த மானிட்டர் பயன்படாது. திரை எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.